மாடிப்படிக்கு விளக்கு கேட்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்புகளின் பாதுகாப்பு குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது தளத்தில் வசிக்கிறோம். மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை. டியூஷன் முடிந்து வரும் மகளை அழைத்து வர நான் தினமும் கீழே இறங்கி நிற்கிறேன். மனு கொடுத்தால் யாராவது வந்து பல்பு மாற்றுகிறார்கள். சில வாரங்களில் மீண்டும் இருட்டு. நாங்கள் என்னதான் செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி

பதில்: அம்மா, பல்பை மாற்றுவதால் மட்டும் இது தீராததற்குக் காரணம், அந்தப் பல்புக்கு யாரும் பொறுப்பில்லாமல் இருப்பதுதான். வீட்டுக்குள் எரியும் விளக்கை ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது. தெருவிளக்கு நகராட்சியின் பொறுப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட மாடிப்படி, மொட்டை மாடிக் கதவு, மோட்டார் அறை, கட்டடத்தின் பின்புறச் சந்து ஆகியவற்றுக்கு மின்கட்டணம் கட்டுவது யார், சாவி வைத்திருப்பது யார், கூட்டிப் பெருக்குவது யார் என்பது முடிவாகாத வரை, குடியிருப்பில் பெண்களும் குழந்தைகளும் அஞ்சி ஒதுங்கும் இடங்களாக அவையே இருக்கும்.

எனவே மனுவுக்கு முன்பாக வேறொன்றைச் செய்யுங்கள். உங்கள் பிளாக்கின் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, இருட்டிய பிறகு, குடியிருப்பு முழுவதையும் நடந்து பாருங்கள். கனடாவின் டொரண்டோ நகரில் பெண்கள் அமைப்பொன்று 1989-இல் வகுத்த இந்த முறை, 'பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை' என்ற பெயரில் பின்னர் தில்லி உட்படப் பல நகரங்களில் பயன்பட்டது. அதே 1989-இல்தான், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், அன்றைய ஒருங்கிணைந்த தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. தமிழகம் முழுவதும் பரவிய அந்த இயக்கத்தின் தொடக்கம் உங்கள் மண்ணில் நிகழ்ந்தது. வாரந்தோறும் கூடுவதும், கணக்கு எழுதுவதும், தீர்மானம் போடுவதும் உங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழகிய வேலைகள். பாதுகாப்புத் தணிக்கைக்கு அதைவிடப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை.

ஒரு சார்ட் பேப்பரில் குடியிருப்பின் படத்தை வரைந்து கொள்ளுங்கள். பிளாக்குகள், படிக்கட்டுகள், குழாயடி, குப்பைத் தொட்டி, ரேஷன் கடைக்குப் போகும் வழி, பேருந்து நிறுத்தம், எரியும் விளக்கு, எரியாத விளக்கு என எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டட்டும். அதன் அருகில் நேரத்தையும் காரணத்தையும் எழுதட்டும். குழந்தைகளிடம் தனியாகக் கேளுங்கள், ஏனெனில் அவர்கள் நடக்கும் குறுக்கு வழிகளைப் பெரியவர்கள் அறிந்திருப்பதில்லை. முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் விட்டுவிட வேண்டாம். காவல் நிலையப் பதிவேட்டில் புகாராக வந்தவை மட்டுமே இருக்கும். வழிமறித்துக் கேலி செய்தது, பின்தொடர்ந்து வந்தது, அதனால் ஒரு பெண் மாலை வகுப்பையே விட்டது போன்றவை இந்தச் சார்ட்டில்தான் முதன்முறையாக எழுத்தில் வரும்.

பொட்டுகள் குவிந்த இடங்களைப் பார்த்தால், வேலைகளில் பாதி பெரிய செலவில்லாதவை என்பது தெரியும். படிக்கட்டின் அடியில் நிறுத்திய பழைய வண்டிகளை அகற்றுவது, விளக்கை மறைக்கும் கிளையை வெட்டுவது, மொட்டை மாடிச் சாவியை மேல்தளக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைப்பது, நுழைவாயிலில் முதியவர்கள் மாலையில் உட்காரத் திண்ணை கட்டுவது ஆகியவை அத்தகையவை. மாலையில் நுழைவாயில் அருகே இட்லிக் கடை போடும் பெண்மணி இருந்தால், அவரை விரட்டாமல் அங்கேயே இடம் ஒதுக்கிக் கொடுங்கள். அவரால் இரவு ஒன்பது மணி வரை அந்த இடத்தில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

செலவு பிடிக்கும் வேலைகளுக்கு வழிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்க் குடியிருப்போர் நலச்சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். உங்கள் குடியிருப்பு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைச் சேர்ந்ததானால், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடும்பங்கள் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் வழங்குகிறது. மாடிப்படி விளக்கின் மின்கட்டணத்தை அதிலிருந்து கட்டுவது என்று சங்கத்தில் தீர்மானம் எழுதி வையுங்கள். தெருவிளக்கு, பூங்கா போன்றவற்றுக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில், மக்கள் ஒரு பங்கைத் திரட்டினால் அரசு மீதியை ஏற்கும். குடியிருப்பு நகராட்சி எல்லையில் இருந்தால் பகுதி சபாவிலும், ஊராட்சி எல்லையில் இருந்தால் கிராம சபையிலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் அந்தச் சார்ட்டின் நகலை இணைத்தே மனு கொடுங்கள். "பாதுகாப்பு இல்லை" என்ற மனுவுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். "இந்த இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள சந்தில் விளக்குக் கம்பம் இல்லை, முப்பது பெண்கள் இதைக் குறித்திருக்கிறார்கள்" என்ற மனுவுக்கு அப்படிப் பதில் எழுதுவது கடினம்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் சிசிடிவி கேமராக்கள் வைத்து, காம்பவுண்டு சுவரையும் எட்டடிக்கு உயர்த்த முடிவு செய்திருக்கிறோம். இது போதுமானதா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: சுவரை உயர்த்த வேண்டாம். எட்டடிச் சுவர் திருடனைத் தடுப்பதைவிட, உள்ளே நடப்பதைத் தெருவில் போகிறவர்களின் பார்வையிலிருந்து மறைப்பதே அதிகம். சுவரின் இருபுறமும் ஆளில்லாத நீண்ட சந்து உருவாகும். இடுப்பளவு சுவரும் அதன்மேல் கம்பிக் கிராதியும் போதும்.

கேமரா, நடந்து முடிந்ததை விசாரிக்க உதவும். நடக்கும்போது ஓடி வராது. வைப்பதானால், பதிவு யாருடைய அறையில் இருக்கும், யார் யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழியும் என்பதை முன்கூட்டியே எழுதி, பெண் உறுப்பினர்களின் ஒப்புதலைப் பெறுங்கள். எந்தப் பெண் எத்தனை மணிக்கு யாருடன் வந்தாள் என்று சங்க நிர்வாகிகள் வேவு பார்ப்பதற்கு அது பயன்படுமானால், அந்தக் கேமராவே ஒரு பாதுகாப்புக் குறைவு. கிடைக்கும் பணத்தில் முதல் பங்கு வெளிச்சத்துக்குப் போகட்டும்.

கேள்வி: கட்டடத்தின் வடிவத்துக்கும் குற்றத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இது ஏட்டுப் பேச்சா?
– கட்டடக்கலை மாணவர், பாலக்கோடு

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. தெருவைப் பார்க்கும் கண்களே தெருவுக்குக் காவல் என்ற கருத்தை, நகர வாழ்க்கை பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண் எழுத்தாளர் 1961-இல் அமெரிக்காவில் வலியுறுத்தினார். அந்நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில், 1950-களில் ஏழைகளுக்காக 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 தளங்கள் என புரூயிட்-ஐகோ என்ற பெரும் குடியிருப்பைக் கட்டினார்கள். மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காது என்பதால் மக்கள் இருண்ட படிக்கட்டுகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பல குடும்பங்களுக்குப் பொதுவான நீண்ட தாழ்வாரங்கள் யாருடைய கவனிப்பும் இல்லாமல் பாழாயின. ஆனால் அதே கட்டடங்களில், இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட படிக்கட்டு முற்றங்கள் நன்றாகப் பராமரிக்கப்பட்டதை ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக்கலைஞர் கவனித்தார். ஒரு நுழைவாயிலை எத்தனை குறைவான குடும்பங்கள் பகிர்கின்றனவோ, அத்தனை எளிதாக அவர்கள் அந்நியரை அடையாளம் காண்பார்கள் என்பது அவருடைய முடிவு. 1972-இல் அந்தக் குடியிருப்பை இடிக்கத் தொடங்கினார்கள்.

எல்லை என்று சொன்னது இதைத்தான்: அங்கே பராமரிப்புச் செலவு ஏழைகளின் வாடகையிலிருந்தே வர வேண்டியிருந்தது, நகரத்தில் வேலைகள் குறைந்தன, இனப் பாகுபாடு வலுவாக இருந்தது. வடிவத்தை மட்டும் குற்றவாளியாக்கினால், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும். வரைபடத்தைப் படிக்கும்போது பராமரிப்புக் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் வாடகைக்கு வந்துவிட்டார்கள். அவர்களை வெளியேற்றினால்தான் பாதுகாப்பு என்று சங்கத்தில் பலர் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஐயா, வீட்டை வாடகைக்கு விடலாமா என்பது உங்கள் ஒதுக்கீட்டு ஆணையைப் படித்துத் தீர்க்க வேண்டிய கேள்வி. அதைப் பாதுகாப்போடு கலக்க வேண்டாம். ஒருவர் பேசும் மொழி குற்றத்துக்குச் சான்று ஆகாது. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் திரும்பும் தொழிலாளர்கள், மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் உங்கள் வாசலில் விழித்திருப்பவர்கள். அவர்களுடைய பெயர் தெரிந்தால் அவர்களும் உங்களுக்குக் காவல், தெரியாவிட்டால்தான் அச்சம். அவர்களில் இருவரைச் சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசப்படுவது தலைமுறைகளாக வழக்கம். இன்னொரு மொழியில் ஓர் அறிவிப்புப் பலகை எழுத நீங்கள் தயங்க வேண்டியதில்லை. வாசலில் உட்கார்ந்து மது குடிப்பவர் யாராக இருந்தாலும், உள்ளூர்க்காரரின் மகனாகவே இருந்தாலும், விதி ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: நீர்நிலை ஓரத்தில் இருக்கும் எங்களுக்கு வேறு இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். கட்டும் முன்பே நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: சகோதரி, சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கூட்டம் கேளுங்கள். ஒரு படிக்கட்டை எத்தனை குடும்பங்கள் பகிரும், அங்கன்வாடியும் ரேஷன் கடையும் நடுவில் வருமா மூலையில் வருமா, சமையலறைச் சன்னல்கள் குழந்தைகள் விளையாடும் இடத்தைப் பார்க்குமா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து வாசல் வரை விளக்கு உண்டா என்பவற்றைக் கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது ஒதுக்கீட்டைப் பற்றியது. குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது, பல ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்து, ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறிப்போகின்றன. புதிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத முதல் ஆண்டில்தான் அச்சம் அதிகம். ஆகவே தனித்தனிக் குடும்பமாக அல்லாமல், பழைய தெருவின் எட்டுப் பத்துக் குடும்பங்களை ஒரு குழுவாகக் கொண்டு, குழுவுக்கு ஒரு படிக்கட்டு என்று குலுக்கல் நடத்தக் கோருங்கள். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கும் குடும்பங்களுக்கு அதே படிக்கட்டின் தரைத்தளம் கிடைக்கட்டும். குழுப் பட்டியலை இப்போதே தயாரித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பயனாளிகள் பட்டியல் இறுதியாவதற்கு முன்பே ஆட்சியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.