அரை மணி நேரத்தில் மணம் மறைவது ஏன்?

மூன்று மாதமாக நாள்தோறும் பூசும் வாசனைத் திரவியம் இப்போது அரை மணி நேரம்கூட நிற்பதில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் கெட்டது திரவியம் அன்று, உங்கள் மூக்குதான் அதற்குப் பழகிவிட்டது. ஒரே மணம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கின் உணர்வும் மூளையின் கவனமும் அதற்கு மங்கிவிடுவதால், உங்களுக்கு மறைந்துபோன மணம் அருகிலிருப்பவருக்கு நன்றாகவே வீசிக்கொண்டிருக்கும்.

பூசி இரண்டு மணி நேரம் கழித்து, அப்போதுதான் வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தால் இரண்டு வாரம் அந்தக் குப்பியைத் தொடாதீர்கள். மீண்டும் திறக்கும் நாளில் பழைய மகிழ்ச்சி திரும்பக் கிடைக்கலாம். அதுவரை, தெரியவில்லையே என்று கூடுதலாகத் தெளிப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

அவருக்கும் தெரியாவிட்டால், வெயிலிலோ வெப்பத்திலோ இருந்து திரவியம் கெட்டிருக்கலாம். மற்ற மணங்களும் உங்களுக்குக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.