கட்டில் கணக்கும் கரண்ட் கணக்கும்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போர்டிங் பற்றியவை. திருநெல்வேலி, கலட்டி, கொக்குவில், கொண்டாவில் பக்கம் இப்போது கேற்றுக்குக் கேற்று 'அறை உண்டு' மட்டை தொங்குகிற காலம். ஆகவே பிரிட்ஜ் திருத்தக் கொடுத்து ஏமாந்தவர்கள் அடுத்த கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் யாழ். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். முதல் வருடம் விடுதியில் இருந்தாள், இப்போது வெளியே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டில் நாலு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில், மாதம் 7,500 ரூபா. மூன்று மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனிசி. காசு கொடுத்ததற்குத் துண்டு எழுதிக் கேட்டால் 'எங்களை நம்பேல்லையோ' என்று நினைப்பாவோ என்று தயக்கமாக இருக்கிறது. — ஒரு தந்தை, முல்லைத்தீவு

பதில்: ஐயா, துண்டு கேட்பதால் மரியாதை கெடாது. "எழுதித் தாங்கோ" என்று கை நீட்டாமல் நீங்களே இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். "ரீச்சர், எனக்கு ஞாபகம் குறைவு, இதில ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கோ" என்றால் முடிந்தது. படிப்பித்த மனிசி எழுத்துக்குக் கோபிக்கமாட்டா. எழுத்துப்பிழை இருந்தால்தான் கோபிப்பா.

தொகையும் திகதியும் எல்லாரும் எழுதுவார்கள். சண்டை வருவது எழுதாமல் விட்ட இடத்தில். உங்கள் 22,500 ரூபா என்ன காசு? கடைசி மூன்று மாத வாடகையில் கழிகிற காசா, பிள்ளை அறையை விடும் நாளில் கையில் திரும்பி வருகிற காசா? எங்கள் ஊரில் இரண்டுக்கும் 'அட்வான்ஸ்' என்று ஒரே பெயர்தான். நீங்கள் ஒன்றை நினைத்துக் கொடுப்பீர்கள், அவர் மற்றதை நினைத்து வாங்குவார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. திரும்பி வருகிற காசு என்றால், எதற்கெல்லாம் அதில் கழிக்கலாம் என்பதையும் எழுதுங்கள். உடைந்த கண்ணாடிக்குக் கழிக்கலாம். சுவருக்குப் பெயின்ற் அடிக்கக் கழிப்பதென்றால் அதை முதலே சொல்லவேண்டும். விடுவதற்கு எத்தனை நாளுக்கு முன் அறிவிக்கவேண்டும் என்பதும் அங்கேயே வரட்டும்.

அடுத்தது விடுமுறை. பரீட்சை முடிந்து பிள்ளை ஒன்றரை மாதம் ஊரில் நின்றால் முழு வாடகையா? பாதி கொடுத்துக் கட்டிலைப் பிடித்து வைப்பது நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் பாதி கொடுத்த காலத்தில் அந்தக் கட்டிலில் வேறு ஆளைப் படுக்கவிடக் கூடாது என்றும் ஒரு வரி வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள். விடுமுறையும் கொடியேற்றமும் ஒன்றாக வந்தால் யாழ்ப்பாணத்தில் காலியாகக் கிடக்கும் கட்டிலுக்கு எத்தனை கண் விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

'நாலு பேர்' என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். போகும்போது ஒரு அளவு நாடாவும் கொண்டுபோங்கள். பத்துக்குப் பத்து அறை 100 சதுர அடி. மூன்றுக்கு ஆறு ஒற்றைக் கட்டில் ஒன்று 18 சதுர அடி பிடிக்கும். நாலு கட்டில் 72. மிச்சம் 28 சதுர அடிக்குள் நாலு மேசை, நாலு சூட்கேஸ், கதவு திறக்க இடம். இதற்குள் ஐந்தாவதாக ஒரு 'சொந்தக்காரப் பிள்ளை' வந்து பாயில் படுத்தால் உங்கள் மகள் படிக்க நூலகத்துக்குத்தான் போகவேண்டும்.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வீட்டை வாடகைக்கு எடுத்த குடியிருப்பாளரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒருவர் வீட்டு அறையில் ஒரு கட்டிலுக்குக் காசு கொடுப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம். காசு திரும்பி வராவிட்டால் போகவேண்டிய இடம், பிணக்கைப் பேசித் தீர்த்து வைக்கிற மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. இரண்டு தரமும் நேரே இருந்து பேசவேண்டும். திருநெல்வேலியும் கொக்குவிலும் நல்லூர் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகின்றன, அங்கே விசாரித்தால் வழி காட்டுவார்கள். அங்கேயும் முதலில் கேட்பது 'துண்டு இருக்கா' என்றுதான்.

கேள்வி: நாங்கள் நாலு பொடியள் மாடி அறையில் இருக்கிறோம். தனி மீற்றர் இல்லை. வீட்டில் அவர்கள் மூன்று பேர், நாங்கள் நாலு பேர். கரண்ட் பில்லை ஏழால் பிரித்து நாலு பங்கை எங்களிடம் வாங்குகிறார். கீழே அவர்களுக்கு ஏசி இருக்கிறது. இது சரியா அண்ணை? — கொக்குவில் மாணவன்

பதில்: சரியில்லைத் தம்பி. ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முதலில் உங்கள் அறைக் கணக்கைப் போடுவோம்.

60 வாற்ஸ் ஃபேன் நாளுக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 யூனிட். எல்.ஈ.டி. லைற் 2 யூனிட் வரும். நாலு லப்டொப், ஒவ்வொன்றும் 50 வாற்ஸ், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் 30. 700 வாற்ஸ் ரைஸ் குக்கர் காலை மாலை அரை அரை மணித்தியாலம் என்றால் 21. அயன் 1,000 வாற்ஸ். ஆளுக்குக் கால் மணித்தியாலம் தினமும் தேய்த்தால் கூடிப்போனால் 30. எல்லாம் சேர்த்து 101. தினமும் சேட் தேய்க்கிற நாலு பொடியளை நான் இதுவரை பார்த்ததில்லை, ஆகவே இதற்கும் குறைவாகத்தான் வரும்.

கீழே உள்ள ஏசி, சிறியதே என்றாலும், ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாற்ஸ் இழுக்கும். இடையிடையே நின்று நின்று ஓடினாலும் இரவுக்கு நாலைந்து யூனிட் போகும். அது மட்டுமே மாதம் 120, 150. அந்தக் குளிர் உங்கள் மாடிக்கு ஏறவில்லையே.

இனி அவர் பக்கம். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு பட்டியல், தாண்டினால் வேறு பட்டியல். தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும். நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறி 180 யூனிட்டுக்கு மேல் உச்சியில் நிற்கும். ஏசி இல்லாத ஒரு சின்னக் குடும்பம் போர்டிங் பிள்ளைகளை எடுத்ததாலேயே மேல்படிக்குத் தள்ளப்படுவது உண்மையாக நடக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஏசியால் ஏற்கெனவே மேலே நிற்பவர், அவருக்கு அந்த வாதம் பொருந்தாது.

தீர்வு மாடிக்கு ஒரு சப் மீற்றர், மாடிக்குப் போகிற கரண்டை மட்டும் தனியாக அளப்பது. மின்சாதனக் கடையில் கிடைக்கும். வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பூட்டவேண்டும். செலவைப் பாதி பாதி போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள், மறுப்பது கஷ்டம். மாதக் கடைசியில் இரண்டு மீற்றரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் பிரித்து வருகிற விலையை உங்கள் யூனிட்டால் பெருக்கினால் உங்கள் பங்கு. 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று அவர் தன்பாட்டில் ஒரு விலை சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் போர்டிங் காலத்தில் இந்தச் சண்டையே இல்லை. கரண்டே இல்லை. ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் முறை என்றுதான் அடிபடுவோம்.

கேள்வி: படிப்பு முடித்துப் போகிற அக்கா ஒருவர் தன் மெத்தையை 3,000 ரூபாவுக்குத் தருகிறார். வாங்கலாமா? — வவுனியா மாணவி, இப்போது கலட்டியில்

பதில்: தங்கச்சி, பகலில் போய்ப் பாருங்கள். தையல் ஓரத்தையும் மூலையையும் விரித்து, கறுப்புப் பேனை குத்தியதுபோலப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூட்டைப்பூச்சி, சும்மா தந்தாலும் வேண்டாம். 'வெயிலில் போட்டால் போயிடும்' என்பார்கள். எங்கள் வெயில் மேல்துணியைத்தான் சுடும். பூச்சி உள்ளுக்கும் நிழல் பக்கத்துக்கும் போய்விடும். ஒரு மெத்தையோடு வந்தது அறை முழுக்கப் பரவினால் மற்ற மூன்று பேரும் உங்களோடு கதைக்கமாட்டார்கள்.

பூச்சி இல்லையென்றால் நடுவில் உள்ளங்கையை அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே நிமிரவேண்டும். புதிது வாங்குவதென்றால் கட்டிலை முதலில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒற்றை மெத்தையே 72 அங்குலத்திலும் 75 அங்குலத்திலும் வருகிறது. பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும். சிக்கல் வந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கேள்வி: போர்டிங்கில் கிணற்றுத் தண்ணீர்தான். கொதிக்க வைத்துக் குடித்தால் போதும்தானே?

பதில்: கிருமிக்குப் போதும். பசளையிலும் மலக்கழிவிலும் இருந்து தண்ணீரில் கரைகிற நைத்திரேற்றுக்குப் போதாது, கொதிக்கக் கொதிக்க நீர் வற்றுமே தவிர அது போகாது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியே தோட்டத்துப் பசளையும் மலக்குழி நீரும் கிணற்றுக்கு இறங்கும். மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 50 அடிக்குள் என்றால் அந்தத் தண்ணீரைக் குளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு பெரிது. ஒரு அறையில் அடுக்குக் கட்டில் மூன்று போட்டு ஆறு பெண் பிள்ளைகளை எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். கட்டில் வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்? — ஒரு வீட்டுக்காரம்மா, கொண்டாவில்

பதில்: அக்கா, முதலில் ஆறு பேருக்கு எத்தனை கக்கூஸ் என்று பாருங்கள். எட்டு மணி விரிவுரைக்கு ஆறு பேரும் ஏழு மணிக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். ஒன்றுதான் என்றால் நாலோடு நிறுத்துங்கள்.

கட்டில் இரும்பென்றால் கடையிலேயே மேலே ஏறி இருந்து ஆட்டிப் பாருங்கள், வெட்கப்படவேண்டாம். மேல்தட்டுக்குத் தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே நிற்கவேண்டும். தடித்த மெத்தை போட்டால் கம்பி மெத்தை மட்டத்துக்கு வந்து பிரயோசனமில்லாமல் போய்விடும். கார்த்திகை, மார்கழி மழைக்கு நுளம்பு கூடும், டெங்கும் வரும். வலை கட்டக் கொழுக்கி எங்கே அடிப்பது என்று மேல்தட்டுக்கும் யோசியுங்கள்.

கூரை சீற் என்றால் மேல்தட்டில் பங்குனி, சித்திரையில் ஆள் படுக்க முடியாது. அந்தக் கட்டிலுக்கு வாடகையைக் குறையுங்கள். ஓடென்றால் கொஞ்சம் பரவாயில்லை. முகட்டில் தொங்குகிற ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் இரண்டு பூட்டுங்கள். மேலே படுத்திருக்கிற பிள்ளை காலையில் எழும்பிக் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும்.