முற்றத்தில் மணல் வந்து விழுகிறதா? மேட்டை இடிக்காதீர்கள்

வணக்கம். கடற்கரை வீட்டு முற்றத்தில் மணல் குவிவதால், முன்னுள்ள மணல்மேட்டைப் பொக்லைன் வைத்துச் சமன்படுத்திச் சவுக்கு நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயிர்ப்புள்ள, அதாவது காற்றில் மணல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும், மணல்மேடுகளை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. மேடு போனால் மணல் நிற்கவும் போவதில்லை, இன்னும் உள்ளே வரும்.

உங்கள் படத்தில் ஆள் நடந்து நடந்து வழுக்கையான பாதை தெரிகிறதே, மணல் கிளம்புவது அங்கிருந்துதான். அதன் இருபுறமும் இருப்பவை மணலில் படரும் அடம்பங்கொடியும், இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லும். அடம்பின் கணுவைத் தூக்கிப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். மணல் மூடினாலும் மேலெழுந்து படரும். இராவணன் மீசையின் முள்பந்துகள் காற்றில் உருண்டோடி விதை சிந்தும். இரண்டையும் களையென்று பிடுங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய வேதனை.

பாதையை ஓரமாக மாற்றி, வெறும் இடத்தின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பனைமட்டை வேலி கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், மூன்று நான்கு கணுக்களுள்ள அடம்புத் துண்டுகளைப் பாதி புதைத்து நடுங்கள். செம்மண் கொட்ட வேண்டாம், களைவிதை அதோடு வந்துவிடும். மேட்டுக்குப் பின்னால், வீட்டுப் பக்கம், தாழையும் புன்னையும் வைக்கலாம்.

சவுக்கின் உதிர்ந்த ஊசிகள் தரையை மூடிக் கொடிகளை வளரவிடாது. கரையை ஒட்டி நட்டால், ஜனவரி முதல் முட்டையிட ஏறும் பங்குனி ஆமை என்னும் கடலாமைகளுக்கும் இடமிருக்காது.