சிவப்பு எழுத்துக்கு எத்தனை பொருள்?

கேள்வி: ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில் வரும் ‘ஏ’ எழுத்து பாவத்தின் குறியீடு என்று எழுதினேன். புள்ளி குறைந்துவிட்டது. என்ன பிழை?
— உயர்தர மாணவி, கொக்குவில்

பதில்: பிழையில்லை, தங்கச்சி, தொடக்க அத்தியாயங்களோடு நின்றுவிட்டீர்கள். நதானியல் ஹாதோர்ன் 1850இல் வெளியிட்ட இந்நாவலில், திருமணத்துக்குப் புறம்பான உறவுக்குத் தண்டனையாக நாயகி ஹெஸ்டர் நெஞ்சில் சிவப்பு ‘ஏ’ அணிய வேண்டியிருக்கிறது. அந்த எழுத்தின் பொருள் பார்ப்பவரைப் பொறுத்து மாறுகிறது. 12ஆம் அத்தியாயத்தைத் திரும்ப வாசியுங்கள். இரவு வானில் எரிகல் ஒளியில் ஒரு ‘ஏ’. ஹெஸ்டரின் குற்றத்தில் தன் பங்கை மறைத்து வாழும் போதகர் டிம்ஸ்டேலுக்கு அது தன்மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரம். ஊராருக்கோ ‘ஏஞ்சல்’: அன்றிரவு இறந்த ஆளுநர் வானதூதராகிவிட்டாராம். அடுத்த அத்தியாயத்தில், நோயாளரைப் பராமரிக்கும் ஹெஸ்டரின் நெஞ்சிலுள்ள அதே எழுத்தைப் பலர் ‘ஏபிள்’, வல்லவள், என்று வாசிக்கிறார்கள்.

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: அத்தியாயம், பார்ப்பவர், அவர் காணும் பொருள். தண்டனை மேடை வரும் 2, 3, 12, 23ஆம் அத்தியாயங்களை முதலில் நிரப்புங்கள். டிம்ஸ்டேலைக் கயவன் என்று ஒரே சொல்லில் முடித்தாலும் புள்ளி போகும். அந்தக் குற்றத்தின் வேதனைதான் அவருடைய பிரசங்கத்துக்கு உருக்கம் தருகிறது. இறுதியில் ஹெஸ்டர் பொஸ்டனுக்குத் திரும்பி, எவரும் கட்டாயப்படுத்தாமலே எழுத்தை மறுபடி அணிகிறாள். தவமா, தன்மானமா? இரண்டுக்கும் நாவலிலிருந்தே சான்று காட்டி ஒரு பந்தி எழுதுங்கள்.