கேளுங்கோ அக்கா: பள்ளிக்கூடத்தில இருந்து ஒரு ஈமெயில் வந்திருக்கு

கேள்வி: அக்கா, மகள் இயர் ஃபைவ், வாற மாசம் பத்து வயசு. போன கிழமை ஸ்கூல்ல இருந்து ஈமெயில் வந்தது, அடுத்த டேர்ம்ல பியூபர்ட்டி (பருவமடையிறது), பீரியட்ஸ், பிறகு பிள்ளை எப்பிடி உருவாகுது எண்டதெல்லாம் படிப்பிக்கப் போகினமாம். இவருக்குச் சரியான கோவம், அண்டைக்குப் பிள்ளையை ஸ்கூலுக்கே விடவேண்டாம் எண்டுறார். இந்த வயசில இது தேவையா? மறிக்கேலுமா?
- ஒரு அம்மா, ஹரோ

பதில்: தங்கச்சி, வீட்டில மறிச்சு வைக்கிற கதையை முதல்ல விடுங்கோ. அடுத்த நாள் பிளேகிரவுண்டில மற்றப் பிள்ளையள் சொல்லிக் குடுப்பினம், அதுவும் அரைகுறையா, கண்டபடி.

சட்டத்தைச் சொல்லுறன். இங்கிலாந்தில 2020 செப்டம்பரில இருந்து எல்லாப் பிரைமரி ஸ்கூலும் ரிலேஷன்ஷிப்ஸ் எஜுகேஷன் படிப்பிச்சே ஆகவேணும், குடும்பம், சிநேகிதம், ஒன்லைன்ல ஆரோட கதைக்கலாம் ஆரோட கதைக்கக்கூடாது, இப்பிடியான விசயங்கள். அரசாங்கப் பள்ளிக்கூடமெண்டா ஹெல்த் எஜுகேஷனும் கட்டாயம், பியூபர்ட்டியும் பீரியட்ஸும் அதுக்குள்ளதான் வருது, ஆனபடியா அதுகளில இருந்து பிள்ளையை எடுக்கேலாது, சயன்ஸ் பாடத்தில வாறதையும் மறிக்கேலாது. செக்ஸ் எஜுகேஷன் மட்டும் பிரைமரியில கட்டாயமில்லை. சில ஸ்கூல் படிப்பிக்கும், சிலது படிப்பிக்காது. பிள்ளை எப்பிடி உருவாகுது எண்டு சயன்ஸுக்கு வெளியில சொல்லுற அந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாமெண்டா ஹெட் ரீச்சருக்கு எழுதிக் குடுங்கோ, பிரைமரியில அவ மாட்டன் எண்டு சொல்லேலாது. (இது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில சட்டம் வேற, அங்க 2022 க்குப் பிறகு எடுக்கிற உரிமையே இல்லை.) எழுத முதல் ஸ்கூல் வெப்சைட்டில இதுக்கெண்டு ஒரு பொலிசி கட்டாயம் போட்டிருப்பினம், அதை வாசியுங்கோ, என்ன ஸ்லைட் என்ன வீடியோ எண்டு காட்டச் சொல்லிக் கேளுங்கோ. ஈமெயில் வந்தவுடன வாட்சப் குரூப்பில சண்டை பிடிக்கிற ஆக்களில பாதிப்பேர் அந்த ஸ்லைடைக் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டினம்.

நான் லண்டனில ஒரு பிரைமரியில ரீச்சிங் அசிஸ்டன்டா இருந்தனான், அந்த வகுப்பிலயும் பின்னுக்கு இருந்திருக்கிறன். என்ன நடக்குமெண்டு சொல்லட்டே? ரீச்சர் ஒரு பேடைப் பிரிச்சு மேசையில வைச்சு, ஜக்கில இருந்து தண்ணி ஊத்தி, எவ்வளவு உறிஞ்சுது எண்டு காட்டுவா. ஒருக்கா ஒரு பெடியன் கையைத் தூக்கி, "மிஸ், இது அம்மான்ர பாத்ரூமில இருக்கு, நான் என்ர டைனோசருக்கு மெத்தையாப் போட்டனான்" எண்டான். சிரிச்சு முடிய வகுப்பில இருந்த பயமெல்லாம் போச்சு. பிறகு ஒரு பெட்டி வைப்பினம், பேர் எழுதாமல் கேள்வியைத் துண்டில எழுதிப் போடலாம். வந்த கேள்வியள்? நோகுமா, ஸ்விமிங் போகலாமா, ஸ்கூல்ல வந்தா ஆரிட்டச் சொல்லுறது. இவ்வளவுதான்.

இன்னொண்டு சொன்னா கோவிக்காதேங்கோ. எங்கட சனம் சாமத்திய வீட்டுக்கு ஒரு வருசத்துக்கு முன்னமே ஹோல் புக் பண்ணும், மேக்கப், வீடியோ, ஆலாத்தி, முன்னூறு பேருக்குச் சாப்பாடு, ஊரெல்லாம் காட். ஆனா அந்தப் பிள்ளைக்கு ரத்தத்தைக் காணமுதல் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க மாட்டினம். எனக்கு ஊரில வந்த நேரம் ஏதோ பெரிய வருத்தம், சாகப்போறன் எண்டு நினைச்சுக் கிணத்தடியில இருந்து அழுதனான், அம்மம்மா வந்து துடக்கு எண்டு மட்டும் சொல்லி மூலையில இருத்தினா. பியூபர்ட்டி எட்டு வயசிலயும் தொடங்கலாம், பதின்மூண்டிலயும் தொடங்கலாம், அப்ப உங்கட மகளுக்குப் பத்தெண்டா ஸ்கூல் முந்தேல்லை, நாங்கள்தான் பிந்தீட்டம். பாடத்துக்கு முதல் சனிக்கிழமை காரில போகேக்க நீங்களே கதையைத் தொடங்குங்கோ, காரில நல்லம், முகத்தைப் பாக்கத் தேவையில்லை. ஸ்கூல் பாக்கில சின்னப் பையில ரெண்டு பேடும் ஒரு உள்ளுடுப்பும் வைச்சு விடுங்கோ. அவரையும் கொஞ்சம் கேக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: மகனுக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல ஏதோ டைனோசர் பாட்டுப் படிப்பிச்சு, இப்ப அம்மம்மா கொஞ்ச வந்தா "நோ மீன்ஸ் நோ" எண்டுறான். அவவுக்குக் கண்ணெல்லாம் கலங்கீட்டு. உடம்புப் பகுதியளின்ர பேரையும் பச்சையாச் சொல்லுறான். இது மரியாதைக்கேடில்லையா?
- ஒரு அப்பா, ஈஸ்ட் ஹாம்

பதில்: தம்பி, அந்த டைனோசர் பேர் பான்டோசோரஸ், என்எஸ்பிசிசி எண்ட சிறுவர் பாதுகாப்பு அமைப்பு செய்தது. உள்ளுடுப்பு மூடுற இடம் உன்ர தனி இடம், உன்ர உடம்பு உனக்குச் சொந்தம், மனசைக் குழப்புற ரகசியத்தை வைச்சிருக்காத, நம்பிக்கையான பெரியாக்களிட்டச் சொல்லு, இதுதான் பாடம். அம்மம்மாவைத் தள்ளி வைக்கச் சொல்லேல்லை. அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ, இண்டைக்குக் கொஞ்சவேண்டாமெண்டா ஹை ஃபைவ் குடுக்கட்டும், நாளைக்கு அவனாவே மடியில ஏறி இருப்பான்.

பேர் விசயத்துக்கு வருவம். வீட்டில எல்லாரும் ஒரு செல்லப்பேர் வைச்சிருக்கிறம், ஒவ்வொரு வீட்டிலயும் ஒவ்வொண்டு. நாளைக்கு ஆரும் தப்பாத் தொட்டு, பிள்ளை அந்தத் தமிழ்ச் செல்லப்பேரை இங்கிலீஷ் ரீச்சரிட்டப் போய்ச் சொன்னா அவவுக்கு என்னெண்டு விளங்கும்? ஏதோ விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சு, சரி கண்ணா போய் இரு எண்டு அனுப்பிவிடுவா. அதுக்குத்தான் சரியான பேர். மகனுக்கு சைல்ட்லைன் எண்ட, பிள்ளையள் உதவி கேட்டு எடுக்கிற போன் நம்பர் 0800 1111 ஐயும் பாடமாக்கி விடுங்கோ, காசு போகாது.

கேள்வி: பேரன் 11 பிளஸ்ஸுக்கு, அதுதான் கிராமர் ஸ்கூலுக்கு எடுபடுற சோதினைக்குப் படிக்கிறான். ஸ்கூல்ல கணக்கை விட்டிட்டு வட்டமா இருந்து மனசைப் பற்றிக் கதைக்கிறாங்களாம். சோதினையில இது வருமோ?
- ஒரு தாத்தா, சட்டன்

பதில்: வராது ஐயா. எங்கட வகுப்பிலயும் கவலைப் பெட்டி எண்டு ஒண்டு இருந்தது. ஒருநாள் ரீச்சர் திறக்க ஒரு துண்டு, "நான் பாஸ் பண்ணாட்டி வீட்டில ஒருத்தரும் என்னோட கதைக்கமாட்டினம்" எண்டு. ரீச்சர் பேர் கேக்கேல்லை, அந்தக் கிழமை வட்டமா இருந்து சோதினைப் பயத்தைப் பற்றித்தான் கதைச்சது. அரை மணித்தியாலம், கணக்கு பிறகு செய்தவை.