சதுரங்கத்தின் புது வடிவங்களைக் கணிதத்தால் வரையறுக்க முடியுமா?

முடியும். சொற்களால் விதி எழுதுவதைவிட அது சுருக்கமாகவும் இருக்கும். புது ஆட்டங்களை உருவாக்கிப் பார்ப்பதில் எனக்குப் பல வருட ஆசை. எப்போதும் ஒரு ஜோடி எண்ணில்தான் தொடங்குவேன்.

குதிரையை (1,2) என்று எழுதலாம்: ஒரு பக்கம் 1 கட்டம், குறுக்கே 2 கட்டம். எண்களை இடம் மாற்றி, கூட்டல் கழித்தல் குறிகளையும் மாற்றிப் போட்டால் எட்டுத் தாவல்களும் வந்துவிடும். (1,3) என்றால் ஒட்டகம் என்ற காய். அதை ஆடிப் பார்க்காமலே ஒன்று சொல்லிவிடலாம். 1+3 இரட்டைப்படை, அதனால் அது நின்ற நிறத்தைவிட்டு வெளியேறாது. குதிரைக்கு 1+2 ஒற்றைப்படை, தாவும்போதெல்லாம் நிறம் மாறும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது (2,2). சதுரங்கத்தின் பழைய பாரசீக வடிவமான ஷத்ரஞ்சில் இன்றைய மந்திரியின் (பிஷப்) இடத்தில் நின்ற காய் இப்படித்தான் தாவியது. நிற்கும் கட்டத்தையும் சேர்த்து, 64இல் அதற்குக் கிடைப்பவை 8 கட்டங்கள்தான். இரு தரப்பிலுமாக இருந்த நான்கு காய்களுக்கும் அந்த எட்டு வெவ்வேறு. அதாவது அவை ஒன்றையொன்று வெட்டவே முடியாது! தாளில் புள்ளி வைத்து இதைக் கண்டுகொண்ட நாளில்தான் இந்த முறையின்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பலகைக்கும் இதே வழிதான். நெடுவரிசை எண்ணை 8ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டி, பலகை உருளையாகிவிடும். சரி, மேலையும் கீழையும் ஒட்டினால்? செய்து பார்த்தேன். 1ஆம் வரிசையும் 8ஆம் வரிசையும் அடுத்தடுத்து வந்துவிட்டன. முதல் நகர்த்தலுக்கு முன்பே இரண்டு ராஜாவும் பக்கத்துப் பக்கத்தில்! தொடக்க நிலையையே புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று.

அறுகோணக் கட்டங்களின் இடத்தைக் குறிக்க, கூட்டுத்தொகை 0 ஆகும்படி மூன்று எண்கள் போதும். முதல் இரண்டின் வித்தியாசத்தை 3ஆல் வகுத்த மீதிதான் கட்டத்தின் நிறம். மந்திரி நின்ற நிறத்தைவிட்டு வெளியேறாது; மூன்று நிறம் என்பதால்தான் க்ளின்ஸ்கி என்பவர் உருவாக்கிய 91 கட்ட அறுகோண ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று மந்திரிகள்.

அப்புறம், காய்கள் நிற்கும் இடம் மட்டுமே 'நிலை' ஆகாது. யாருடைய முறை, கோட்டை கட்டும் உரிமை மிச்சமிருக்கிறதா, கடைசியாகச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்ததா என்பதும் அதில் சேரும். உங்கள் ஆட்டத்தை எழுதும்போது இந்தப் பட்டியலை முதலில் முடித்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.