ஆண்டுகொள்ளுங்கள்னா மிருகத்தை என்ன வேணா பண்ணலாமா?

கேள்வி: சண்டே கிளாஸ் எடுக்குறேன். "மிருகத்தையெல்லாம் ஆண்டுகொள்ளுங்கன்னு ஆதியாகமத்துல கடவுளே சொல்லிருக்காரே, அப்புறம் நாய் மேல கல் எறிஞ்சா என்ன தப்பு"ன்னு ஒரு பையன் கேட்டான். என்ன சொல்றது?

பதில்: அந்த வசனத்தோட நின்னுடாதீங்க. அடுத்த வசனங்கள்லயே மனுஷனுக்கும் மிருகத்துக்கும் சேர்த்து செடிகொடியத்தான் சாப்பாடா கொடுக்குறாரு, கறிக்கு பெர்மிஷன் நோவா வெள்ளத்துக்கு அப்புறம் 9-ம் அதிகாரத்துலதான் வருது, அதுவும் ரத்தத்தோட சாப்பிடக்கூடாதுங்கற கண்டிஷனோட. ஆனா பசங்களுக்கு நேரா மோசே சட்டத்தக் காட்டுங்க, ஆளுறதுன்னா நடைமுறையில என்னன்னு அங்கதான் தெரியும்.

உபாகமம் 25:4, போரடிக்கிற மாட்டோட வாயக் கட்டாதே. களத்துல கதிர பரப்பி மாட்ட சுத்திச் சுத்தி நடக்க விடுவாங்க, தானியம் அது காலடியிலேயே கிடக்கும், வாயக் கட்டினா ஓனருக்கு கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் வேணாம், உழைக்கிறது தின்னட்டும்ங்குது சட்டம். ஓய்வுநாள்லயும் முதலாளிக்கு மட்டும் லீவு கிடையாது, மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துதான் (யாத்திராகமம் 23:12). ஏழாவது வருஷம் நிலத்த தரிசா போடணும், தானா விளையுறத ஏழைங்க எடுத்துக்கலாம், அவங்க விட்டது காட்டு மிருகத்துக்கு. ஊரை முற்றுகை போட்டாலும் பழ மரத்துல கோடாலி வைக்கக்கூடாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது யாத்திராகமம் 23:5. உன்னைப் பகைக்கிறவனோட கழுதை சுமை தாங்காம விழுந்து கிடந்தா அப்படியே விட்டுட்டுப் போகாதே, கூட நின்னு உதவி பண்ணு. உங்க சண்டையில கழுதைக்கு என்ன சம்பந்தம்? உயிருள்ளதுக்கு வலி கொடுக்கக்கூடாதுங்கற கொள்கையை பின்னால தல்மூத்ல (யூதர்களோட சட்ட விவாதத் தொகுப்பு) ரபிமார், அதாவது யூத மத குருமார், இந்தச் சட்டத்த வச்சுதான் பேசுறாங்க, கல் எறியற பையனுக்கு நேரடி பதில் இதுதான். அதே தல்மூத்ல இன்னொண்ணு இருக்கு, வளர்க்குற மிருகத்துக்குத் தீனி போடாம நீ சாப்பிட உட்காராதே. இதை பசங்க அன்னைக்கே வீட்ல செஞ்சு பார்க்கலாம்.

"அப்ப ஏன் பலி கொடுத்தாங்க?"ன்னு கண்டிப்பா கேப்பாங்க, மழுப்பாதீங்க. கொடுத்தாங்க, கறியும் சாப்பிட்டாங்க. ஆனா அதுக்கும் எல்லை இருந்துச்சு, பிறந்த குட்டிய ஏழு நாள் தாய்கிட்டயே விடணும், தாயையும் குட்டியையும் ஒரே நாள்ல வெட்டக்கூடாது. லேவியராகமம் 22:27, 28, பைபிளத் திறந்து அவங்களையே படிக்க விடுங்க.